பாடாது என்று நான் எழுதிய குருவி

மலை முகாம்
மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. உன்னை "எப்படி இருக்கே" என்று கேட்டால் "இருக்கேன்" என்பாய். அதனால் நேராகவே கேட்கிறேன்: முதுகுவலி எப்படி? அந்த ஸ்டுடியோ நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? உன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் சுகம்தானே?

சரி, இனி விஷயம். பார்த்துவிட்டேன்டா! மேல் சரிவில், பனி இன்னும் கரையாத குட்டை மரங்களுக்குள், கட்டைவிரல் நீளத்தில் ஒரு கதிர்க்குருவி. உனக்குக் கதிர்க்குருவிகள் எல்லாம் ஒன்றுதான், "எதுவும் ஒரு இடத்துல நிக்காது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய். இது வேறு. முதுகு பாசிப் பச்சை, தலை சாம்பல். கண்ணுக்கு மேலே புருவம்போல ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோடு கண்ணைத் தாண்டியதும் பெயின்ட் தீர்ந்துபோன மாதிரி சட்டென்று நின்றுவிடுகிறது. இப்படி ஒன்று இருந்ததற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான்: அருங்காட்சியக இழுப்பறையில் பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டிப் படுத்திருக்கும் ஓர் உடல். நம் தாத்தா காலத்தில் இந்த மலையில் யாரோ சுட்டது. அழிந்துவிட்டது என்று புத்தகங்கள் சொல்கின்றன. அழிந்தது நேற்றுக்கூட என் தலைக்கு மேலே உட்கார்ந்து புழு தின்றது.

வலை கட்டிப் பிடித்தேன். இறக்கையை அளந்து, படமெடுத்து, விட்டுவிட்டேன். கையை ஒரு கொத்துக் கொத்திவிட்டுத்தான் போனது. எனக்கு அந்தத் திமிர் பிடித்திருந்தது.

இது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, தெரிந்துகொள். மேல் சரிவு வழியாகச் சாலை போடுவதற்காக மரங்களில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். மழை முடிந்ததும் வெட்டு. இந்தக் குருவி இங்கே வாழ்கிறது என்று அரிய பறவைகள் குழு ஒப்புக்கொண்டால் ஒரு கிளையைக்கூடத் தொட முடியாது. அறிக்கை அனுப்பிவிட்டேன்.

ஒரு விசித்திரம். இது பாடவே மாட்டேன் என்கிறது. கிளை நுனியில் ஏறுகிறது, வாயைத் திறக்கிறது, மூடுகிறது, அவ்வளவுதான். கொட்டாவி விடுகிற குருவி. அதையும் அறிக்கையில் எழுதியிருக்கிறேன்: "பாடுவதில்லை."

முகாம் ரேஞ்சரை முந்தாநாள் மேலே கூட்டிப்போனேன். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார், காதைத் தேய்த்துக்கொண்டே ஏதோ முனகினார். நான் சிரித்து வைத்தேன். அவர் பேசினால் மீசைதான் ஆடுகிறது, வார்த்தை வெளியே வருவதில்லை. போன வாரம் கீழே மருத்துவக் குழு வந்து எல்லோருக்கும் கண், காது, ரத்தம் எல்லாம் பார்த்தார்களாம். எனக்கு மேலே வேலை இருந்தது.

போன் பண்ணாதே. இங்கே சிக்னல் கிடையாது. எழுது.

விரல் விறைத்துவிட்டது, மிச்ச அன்பை நீயே சேர்த்துக்கொள்.

அக்கா

* * *

வீடு
மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகும் அப்படியே, நாற்காலியும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று விடமாட்டேன் என்கின்றன. மற்றபடி எல்லோரும் நலம். நீ அந்தக் குளிரில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று முதலில் எழுது.

கடிதத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். செத்துப்போன குருவி திரும்பி வந்தது என்றதும் சின்னவள் வாயைப் பிளந்துவிட்டாள். பெரியவன்தான், "அத்தை ஏன் இன்னும் தபால்ல எழுதுறாங்க? எந்தக் காலத்துல இருக்காங்க?" என்கிறான். எனக்கும் அதே கேள்விதான். தபால்காரர் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். மலை உச்சியில்கூட இப்போது டவர் வைத்துவிட்டார்களே, அக்கா?

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதியே விடுகிறேன். போன தடவை நீ வந்திருந்தபோது சமையலறையில் என் மனைவி உன்னிடம் மனம்விட்டு ஏதோ பேசினாளாம். நீ முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாயாம். ஒரு "ம்" கூட இல்லையாம். அன்றிலிருந்து, "உங்க அக்காவுக்கு என்னைப் பிடிக்காது, விடுங்க" என்கிறாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். அவள் மேல் உனக்கு ஏதாவது வருத்தமா?

உன் கொட்டாவிக் குருவியை நான் விசாரித்ததாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

* * *

மலை முகாம்
ஏப்ரல் 11

அன்புள்ள தம்பி,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சண்டை போடுகிறேன். ஆக, பூரண நலம்.

உன் பெண்டாட்டியிடம் சொல்: பிடிக்காதவள் வீட்டில் நான் பாத்திரம் கழுவ மாட்டேன். அன்று குழாய் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இதைப் பெரிது பண்ணாதீர்கள்.

குழுவிடமிருந்து பதில் வந்துவிட்டது. செயலாளர் கைப்பட எழுதியிருக்கிறார். எதைக் கண்டாலும் "நிராகரிக்கப்பட்டது" என்று முத்திரை குத்துவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே முத்திரைதான். என்ன சொல்கிறார் தெரியுமா? இந்தக் கதிர்க்குருவிக் கூட்டத்தில் இறகை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாதாம். பாட்டுதான் அடையாளமாம். அது எனக்குத் தெரியாதா? அதற்கு மேலே போய், "வசந்த காலத்தில் பாடாத ஆண் கதிர்க்குருவி என்று ஒன்று இல்லை. தாங்கள் பார்த்தது இறகு உதிர்ந்த சாதாரணக் குருவியாக இருக்கலாம். ஓய்வு எடுத்துக்கொள்ளவும்" என்கிறார்.

ஓய்வாம்! இருபது வருஷமாகக் காட்டைத் தவிர வேறொன்றும் பார்க்காதவளுக்கு, ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருப்பவர் சொல்கிறார். ரேஞ்சர், "விட்டுடுங்க மேடம்" என்று எழுதிக் காட்டினார். விடுவேனா? பாடாத குருவி இல்லை என்றால் இதுதான் முதல் பாடாத குருவி. இன்னும் அரிது என்றுதானே அர்த்தம்!

அதனால் உன்னிடம் ஒரு வேலை. நீ நாள் முழுக்க ஹெட்போனும் கையுமாக உட்கார்ந்திருப்பவன். ஒரு பல்லி கத்தினால்கூடப் பிடித்துவிடுவாய். குருவி உட்காரும் மரத்துக்குக் கீழே ரெக்கார்டரை வைத்து ஒரு காலை முழுவதும் பதிவு பண்ணினேன். அது வாயைத் திறக்கும்போதும் மூடும்போதும் நானே மெதுவாகச் சொல்லியிருக்கிறேன். கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கேட்டுப் பார்த்து, "பறவை வாய் திறந்த நேரத்தில் எந்தச் சத்தமும் இல்லை" என்று உன் ஸ்டுடியோ தாளில் ஒரு சான்று எழுதிக் கொடு. முத்திரையின் மூஞ்சியில் அதை வைத்துக் காட்டுகிறேன்.

சீக்கிரம் எழுது. குழாய் விஷயத்தை அவளிடம் சொல்ல மறக்காதே.

அக்கா

* * *

வீடு
ஏப்ரல் 29

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம், என் காதைத் தவிர. அதற்குக் காரணம் உன் கார்டு.

முதலில் உன் பேச்சு. மெதுவாகச் சொல்லியிருக்கிறேன் என்றாயே, நீ ரகசியம் பேசுகிறாயா மேடையில் பேசுகிறாயா? "வாய் திறக்குது" என்று நீ சொன்னதும் நான் ஒலியைக் குறைக்க ஓடினேன். குருவி பறந்துபோகாமல் இருந்ததே அதிசயம்.

குருவியின் பாட்டு என்று ஒன்றும் இல்லை, நீ சொன்னது சரிதான். நான் கேட்டவரை காற்று, உன் குரல், தூரத்தில் ஏதோ ஓடை. அப்புறம் அந்த வண்டு. அப்பப்பா! ஊசியை வைத்துக் கண்ணாடியில் கீறுகிற மாதிரி ஒரு வண்டு விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே இருக்கிறது. என் மனைவி அறையைவிட்டே எழுந்து போய்விட்டாள். அங்கே நீ எப்படி உட்கார்ந்திருந்தாய்? எனக்கென்றால் அந்த மரத்தையே உலுக்கி விரட்டியிருப்பேன்.

சான்று எழுதித் தருகிறேன், ஆனால் வண்டுச் சத்தம் இருக்கிறது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அந்த வண்டின் பெயர் என்ன என்று எழுது, விஷயம் தெரிந்தவன் மாதிரி சேர்த்துவிடுகிறேன்.

குழாய் விஷயம் சொன்னேன். "குழாய் அப்போ மூடியிருந்துச்சு" என்கிறாள். இனி இதில் என்னை இழுக்காதே.

கம்பளி போட்டுக்கொண்டு தூங்கு.

தம்பி

* * *

மலை முகாம்
மே 10

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் காதைத்தான் யாரிடமாவது காட்ட வேண்டும்.

என்ன வண்டு? எங்கே வண்டு? நான் உட்கார்ந்திருந்தது மேல் சரிவில். காலையில் பனி உறைந்து புல் கண்ணாடி மாதிரி நொறுங்குகிறது. இந்தக் குளிரில் ஒரு கொசுகூடக் கிடையாது. மழை வந்து வெயில் காய்ந்த பிறகுதான் இங்கே வண்டு வாயைத் திறக்கும். பதிவு பண்ணியது மார்ச் கடைசியில். உன் ஸ்டுடியோ மெஷினில் ஏதோ கோளாறு, அல்லது வேறு யாருடைய சத்தத்தையோ என் கார்டில் கலந்துவிட்டாய். ஊருக்கெல்லாம் குரல் சுத்தம் பண்ணிக் கொடுக்கிறாய், அக்கா வேலை என்றால் அலட்சியம்!

நான் அங்கேயே இருந்தேன்டா. ஒரு சத்தமும் இல்லை. காது குளிர்ந்துபோகும் அளவுக்கு அமைதி. மறுபடி ஒழுங்காகக் கேள். குழுக் கூட்டம் செப்டம்பரில். அதற்கு முன்னால் சான்று வேண்டும்.

குழாய் மூடியிருந்தது என்றால் நான் வேறு யோசனையில் இருந்திருப்பேன். அவளை நான் விசாரித்ததாகச் சொல்.

அக்கா

* * *

மலை முகாம்
ஜூன் 15

தம்பி,

சுகமாக இருக்கிறாயா, இல்லையா? அதையாவது ஒரு வரி எழுதக் கூடாதா? தபால்காரர் இரண்டு தடவை மலை ஏறி இறங்கிவிட்டார், உன்னிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு இல்லை. நான் திட்டியதற்குக் கோபமா? திட்டாமல் எப்போது பேசியிருக்கிறேன்?

குருவி இரண்டாகிவிட்டது, ஜோடி சேர்ந்துவிட்டது. பாசி பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். கூடு சிவப்புப் பெயின்ட் அடித்த மரத்திலேயேதான். பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள் இடத்தை!

சான்று எங்கே?

அக்கா

* * *

வீடு
ஜூன் 27

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லோரும் நலம். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்தேன், கிழித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தாளையாவது கிழிக்காமல் அனுப்ப வேண்டும்.

குளிரில் வண்டு இருக்காது என்று நீ எழுதினாயே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. மெஷினில் கோளாறு இல்லை. அன்று ராத்திரியே கதவை அடைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். நீ "வாய் திறக்குது" என்கிறாய், உடனே அந்தக் கீறல் சத்தம் தொடங்குகிறது. "மூடிடுச்சு" என்கிறாய், சட்டென்று நிற்கிறது. ஒரு தடவை இல்லை அக்கா, ஒவ்வொரு தடவையும். நடுவில் ஓர் இடத்தில், அது உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும்போதே, அதற்கு மேலே உன் குரல் கேட்கிறது: "பாருங்க, ஒரு சத்தமும் இல்லை." அந்த இடத்தில் நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

அது வண்டு இல்லை. உன் குருவி பாடுகிறது.

எங்கள் மெஷினில் சத்தத்தைப் படமாகப் பார்க்கலாம். தாழ்ந்த சுருதி கீழே, உயர்ந்தது மேலே. உன் குரல் கீழே தடிப்பாக இருக்கிறது. பாட்டு தாளின் உச்சியில், மேல் ஓரத்தை உரசிக்கொண்டு மெல்லிய கோடுகளாக ஓடுகிறது. அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே பார்.

இன்னொன்றும் செய்தேன், திட்டாதே. உன் கடித உறை எல்லாவற்றிலும் முகாமின் தொலைபேசி எண் அச்சடித்திருக்கிறது. ஒவ்வொன்றிலும்! நான் ஒரு மடையன், இத்தனை நாள் முகவரியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டேன். ரேஞ்சர் எடுத்தார். குரல் பக்கத்து வீட்டில் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது. "சிக்னலா? இங்க நல்லாவே கிடைக்குது சார். மேடம்தான் போனை எடுக்கவே மாட்டாங்க" என்றார்.

அக்கா, எவ்வளவு நாளாக? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

தம்பி

* * *

மலை முகாம்
ஜூலை 9

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. படமும் கிடைத்தது. இங்கே மழை. நான் நலம்.

அக்கா

* * *

வீடு
ஜூலை 24

அன்புள்ள அக்கா,

நீ நலம் என்று எழுதினால் நான் நம்பிவிடுவேனா? ரேஞ்சரிடம் தினமும் விசாரிக்கிறேன். "சாப்பிடுறாங்க, மேல போறாங்க, யாரோடயும் பேசறதில்லை" என்கிறார். நான் உன்னைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக.

ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். பறவைக் கணக்கெடுப்பில் இருப்பவர்களுக்கு வருஷா வருஷம் காது சோதனை உண்டு, தேறாவிட்டால் வேலை கிடையாது என்று ரேஞ்சர் பேச்சுவாக்கில் சொன்னார். மருத்துவக் குழு வந்த அன்று உனக்கு மேலே என்ன வேலை இருந்தது என்று இப்போது புரிகிறது. ஆகவே காது விஷயம் வெளியே வரவே வேண்டாம். குழுவுக்கு இப்படி எழுதலாம்: முதலில் பார்த்தபோது குருவி பாடும் பருவம் தொடங்கவில்லை. பிறகு பாடியது, பதிவு செய்தோம். முடிந்தது. உன் குரல் இருக்கும் இடங்களை நான் வெட்டிவிடுகிறேன். என் தொழிலே அதுதானே, ஒட்டுப் போட்ட இடம் ஒருவருக்கும் தெரியாது. குருவிக்கும் காடு, உனக்கும் வேலை. யாருக்கும் நஷ்டம் இல்லை. தயவுசெய்து வீம்பு பிடிக்காதே.

இன்னொரு கார்டும் வைத்திருக்கிறேன். பாட்டை நன்றாக மெதுவாக்கியிருக்கிறேன். மெதுவாக்கினால் சுருதி இறங்கும். உனக்கு ஒருவேளை கேட்கலாம். கேட்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடு.

என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அதற்கு மட்டும் என்னை மன்னித்துவிடு. கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறம், "அட ஆண்டவா, நான் இத்தனை நாளா அவங்களைத் திட்டிட்டு இருந்தேனே" என்று அழுதாள்.

பதில் எழுது. நீளமாக.

தம்பி

* * *

மலை முகாம்
ஆகஸ்ட் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே. நீயும் வீட்டில் எல்லோரும் அப்படியே இருங்கள்.

நீ அனுப்பிய பாட்டுப் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துப் பல நாள் பார்த்தேன். முதலில் கிழித்து அடுப்பில் போடத்தான் எடுத்தேன். உன்மேல் அவ்வளவு ஆத்திரம். பிறகு குருவி மேல் ஆத்திரம். இத்தனை நாள் என் தலைக்கு மேலேயே உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திவிட்டு, எனக்கு மட்டும் கொட்டாவி காட்டியிருக்கிறதே! பிறகு ஆத்திரம் எல்லாம் தீர்ந்து அழுதேன். உன்னிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது. போனில் குரல்கள் மங்கிப்போய் மூன்று வருஷம் ஆகிறது. அது எனக்குத் தெரியும். பறவைகளைக் கேட்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய பறவைகளின் குரல் கேட்கிறது, அதனால் எல்லாம் கேட்கிறது என்று இருந்துவிட்டேன்.

உன் யோசனைக்கு வருகிறேன். முடியாது.

கத்திரிக்கோலைக் கீழே வை. என் குரல் இருக்கும் இடம்தான் சாட்சியே. நான் "திறக்குது" என்கிறேன், பாட்டு தொடங்குகிறது. அந்தப் பாட்டு அந்த வாயிலிருந்துதான் வந்தது என்பதற்கு உலகத்தில் வேறு அத்தாட்சி கிடையாது. அதை வெட்டிவிட்டால் முத்திரை என்ன சொல்வார்? "இது வண்டு. நிராகரிக்கப்பட்டது." நீயே வண்டு என்றுதானே எழுதினாய்! வெட்டாமல் அனுப்பினால் நான் செவிடு என்பது ஊருக்கே தெரியும். தெரியட்டும். என் காதை மறைக்க அந்தக் கூட்டைப் பலிகொடுப்பேன் என்று நினைத்தாயா? என் தம்பியா நீ?

அறிக்கையைத் திருத்தி எழுதிவிட்டேன். இதுதான் முதல் வரி: "இப்பறவை பாடுகிறது. பாடுவதில்லை என்று முன்பு எழுதியவருக்கு இந்தச் சுருதி கேட்காது." ரேஞ்சர் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் மழையில் நின்றார். திரும்பி வந்து தாளில் எழுதினார்: "இதை அனுப்பினா உங்களைக் கணக்கெடுப்புல வெச்சிருக்க எனக்கு அதிகாரம் இல்லை மேடம்." "தெரியும், தபால் தலை எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

அப்புறம் ஒன்று கேட்டேன். "மார்ச்சில் என்னோட மேலே வந்தப்போ காதைத் தேய்ச்சுக்கிட்டு ஏதோ சொன்னீங்களே, என்ன அது?" கொஞ்சம் யோசித்து எழுதினார்: "இந்த வண்டு காதைக் கிழிக்குதுன்னு சொன்னேன்." நான் சிரித்த சிரிப்பில் அடுப்படியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். யோசித்துப் பார். இத்தனை வருஷமாக அந்தச் சரிவில் நல்ல காதோடு நடந்தவர்கள் எத்தனை பேர்! வண்டு என்று முகம் சுளித்துவிட்டு ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மெதுவாக்கிய கார்டைக் கேட்டேன். இது என்னடா, குருவியா எருமையா? வயிற்றுவலி வந்த மாதிரி முக்குகிறது. என் குருவி இப்படியெல்லாம் பாடாது. ஆனால் மறுபடி கேட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் கேட்டேன். நடுவில் ஓர் இடத்தில் ஏறி, ஒரு நொடி தயங்கி, இறங்குகிறது பார், அந்தத் தயக்கம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் அது தலையை இடது பக்கம் சாய்க்கும். பல தடவை பார்த்திருக்கிறேன்.

உன் பெண்டாட்டியிடம் சொல், அழ வேண்டாம். அன்று சமையலறையில் என்ன சொன்னாள் என்று எழுதி அனுப்பச் சொல். ஒரு வரி விடாமல்.

அக்கா

* * *

வீடு
செப்டம்பர் 2

அன்புள்ள அக்கா,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நாற்காலியை மாற்றிவிட்டேன், இனி அதைக் கேட்காதே.

நீ ஜெயித்தாய், வெட்டவில்லை. முழுப் பதிவையும் உன் குரலோடு, படத்தோடு, என் சான்றோடு குழுவுக்கு அனுப்பிவிட்டேன். "முதலில் வண்டு என்று தவறாகக் கேட்டவன்" என்று என்னையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். நீ மட்டும் தனியாகத் திட்டு வாங்க வேண்டாம்.

உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறது. அது அவள் எழுதியது. என்னைப் படிக்க விடவில்லை.

கூட்டத்துக்கு நான் வரட்டுமா? பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதை எழுதிக் காட்டுகிறேன். வேண்டாம் என்பாய், தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

தம்பி

* * *

மலை முகாம்
செப்டம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு,

கை, கால், கண், வாய் எல்லாம் நன்றாக இருக்கின்றன. வாய் கொஞ்சம் அதிகமாகவே. உங்கள் நலத்தை அவள் தாளில் விவரமாகப் படித்தேன்.

ரேஞ்சர் கூட வந்தார், அதனால்தான் உன்னைக் கூப்பிடவில்லை. மீசையைக் கத்தரித்துக்கொண்டு வந்திருந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேசியதை எல்லாம் உதடு தெரிய எனக்குத் திருப்பிச் சொன்னார்.

நீள மேசை, அதைச் சுற்றிக் குழு. எல்லாம் நரைத்த தலைகள். முத்திரை எடுத்த எடுப்பிலேயே, "காது கேக்காதவங்க பறவைக் கணக்கெடுப்புல என்ன பண்றீங்க?" என்றார். இதற்கு ரேஞ்சர் உதவி தேவைப்படவில்லை, முத்திரையின் முகத்திலேயே தெரிந்தது. "கேக்குறவங்க எல்லாரும் வண்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்குக் கேக்கலை, அதனால நிமிர்ந்து பார்த்தேன்" என்றேன். மேடைக் குரலில்தான் சொன்னேன் போலிருக்கிறது. வெளியே இருந்த காவலாளி கதவைத் திறந்து பார்த்தார்.

"சரி, பதிவைப் போடுங்க" என்றார் முத்திரை. போட்டார்கள். ரேஞ்சர் முகத்தைச் சுளித்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளவயசுப் பெண் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் எல்லோரும் பொறுமையாகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். முத்திரை கடிகாரத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், "என்ன தாமதம்? ஆரம்பிக்கலாமே" என்றார்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது, தம்பி! அந்தப் பெண், "சார், ஓடிட்டு இருக்கு" என்றாள். நரைத்த தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒருவர் ஒலியைக் கூட்டச் சொன்னார். கூட்டினார்கள். அந்தப் பெண் எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டாள். முத்திரை கையைக் காதுக்குக் குவித்தார், பிறகு மெதுவாக இறக்கிவிட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது தெரியுமா? அந்தக் கை இறங்கியதைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. எனக்கும் அப்படித்தானே இருந்தது. என் கையில் இருந்த உன் படத்தை எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்து, "எனக்கும் கேக்காது சார். இங்க பாருங்க, இந்தக் கோடுதான். இதைத்தான் நான் பார்த்தேன்" என்றேன். குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். என் குரல் இருக்கும் இடத்தில் விரலை வைத்து, அங்கிருந்து மேலே பாட்டுவரை நகர்த்தினார்.

வேறெந்தக் கதிர்க்குருவியும் இந்தச் சுருதியில் பாடாது என்று ஏற்றுக்கொண்டார்கள். மேல் சரிவில் வெட்டு கிடையாது. சாலை வேறு பக்கம் போகிறது. சிவப்புப் பெயின்ட் மரத்தில் அப்படியே இருக்கிறது, மழை கழுவிக்கொள்ளட்டும். குஞ்சுகள் ஆகஸ்டிலேயே பறந்துவிட்டன, கூட்டத்தைப் பற்றி அவற்றுக்கு ஒரு கவலையும் இல்லை.

கணக்கெடுப்பிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். அதில் முத்திரையும் ஒன்றும் செய்ய முடியாது, ரேஞ்சரும் ஒன்றும் செய்ய முடியாது. வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மறுநாள் காலையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு வழக்கம்போல மேலே போனேன். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. கூடு பார்க்கும் வேலைக்குக் காது எதற்கு? அடுத்த வசந்தத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். தராவிட்டால் மறுபடி எழுதுவேன். தரும்வரை எழுதுவேன். என்னை அவர்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

உன் பெண்டாட்டிக்குத் தனித் தாள் வைத்திருக்கிறேன், நீ படிக்காதே. அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதை அன்று எனக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். உனக்கும் முன்னால். என் முதுகு அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது முகத்தோடு பதில் எழுதியிருக்கிறேன்.

பெரியவன் இன்னும் கேட்கிறானா, அத்தை ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று? அவனிடம் சொல். இங்கே சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது. எனக்குத்தான் காது கேட்காது. அதனால் யாரும் போன் பண்ண வேண்டாம்.

எழுதுங்கள்.

அக்கா